மின்சாரம் கொடுப்பதற்கு முன்: பழைய கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸில் பழுது கண்டறியும் முறை

பரணிலிருந்து இறக்கிய பழைய கணினியைத் துடைத்து மேசையில் வைத்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது, பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசைதான். அந்த ஆசையை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இருபது, முப்பது ஆண்டுகள் மின்சாரம் காணாத ஒரு பவர் சப்ளையில் கசிவு கண்ட ஒரே ஒரு கெப்பாசிட்டர், முதல் முறை சுவிட்ச் போடும்போது தன்னுடன் டிரான்சிஸ்டர்களையும் பிரிட்ஜையும் சேர்த்துக் கொண்டுபோய்விடக்கூடும். அதன் பிறகு எது முதலில் கெட்டது என்று சொல்லும் தடயமும் மிஞ்சாது. என் அனுபவத்தில், கண், மூக்கு, ஒரு மல்டிமீட்டர் ஆகிய மூன்றையும் கொண்டு, மின்சாரமே கொடுக்காமல் பாதிக்கு மேற்பட்ட பழுதுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே பேசப்படுவது ஸ்விட்ச்சிங் முறையில் இயங்கும் பவர் சப்ளை, அதாவது நம் மெக்கானிக்குகள் எஸ்எம்பிஎஸ் என்று அழைக்கும் பெட்டி. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் ராட் ஹோல்ட் வடிவமைத்த சப்ளை இந்த வகையைச் சேர்ந்தது. சென்னையில் இன்று ஒருவர் கையில் அகப்படக்கூடியவை பெரும்பாலும் ஐபிஎம்மின் எக்ஸ்டி, ஏடி வகைக் கணினிகளும் அவற்றின் இந்தியத் தயாரிப்புகளும்தான். அபூர்வமாக, 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியே வந்த பிபிசி மைக்ரோவும் கிடைக்கலாம். ஐபிஎம் நிறுவனத்தின் 1981ஆம் ஆண்டுக் கணினியில் 63.5 வாட் சப்ளை இருந்தது. 1983இன் எக்ஸ்டியில் அது 130 வாட்டாகவும், 1984இன் ஏடியில் 192 வாட்டாகவும் உயர்ந்தது. அளவு மாறினாலும் உள்ளே நடக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், ஒன்றைக் கற்றுக்கொண்டவர் மற்றதையும் அணுகிவிடலாம்.

உள்ளே நடப்பது என்ன

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் பியூஸ், இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள், ஒரு காயில், தொடக்க வேகத்தைத் தணிக்கும் தெர்மிஸ்டர் ஆகியவற்றைக் கடந்து, பிரிட்ஜ் டையோடில் நேர்மின்சாரமாக மாறுகிறது. மாறுமின்சாரத்தின் உச்சி மதிப்பு 230ஐப் போல 1.414 மடங்கு என்பதால், பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்குவது சுமார் 325 வோல்ட். இந்த 325 வோல்ட்டை ஒன்று அல்லது இரண்டு டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டு துண்டாக வெட்டி ஒரு சிறிய ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்புகின்றன. அதன் மறுபக்கத்தில் 5, 12 வோல்ட்டுகளும் மைனஸ் 5, மைனஸ் 12 வோல்ட்டுகளும் பிரிகின்றன. வெளியே வரும் 5 வோல்ட் கூடுகிறதா குறைகிறதா என்று கவனித்து, டிரான்சிஸ்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது ஒரு கட்டுப்பாட்டு ஐசி. எக்ஸ்டி, ஏடி வகைகளில் இது பெரும்பாலும் டிஎல்494 அல்லது அதற்கு இணையான கேஏ7500. எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த சிறிய சப்ளைகளிலும் மானிட்டர்களிலும் யூசி3842 அடிக்கடி காணப்படும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு முந்தைய பகுதி நேரடியாக மெயின்ஸுடன் இணைந்தது. அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பிந்தைய பகுதி கணினியுடன் இணைந்தது. டிவி மெக்கானிக்குகள் முன்பக்கத்தின் கிரவுண்டை ‘ஹாட் கிரவுண்ட்’ என்பார்கள். பெட்டியின் தகரமும் ஹாட் கிரவுண்டும் வேறு வேறு என்பதால், முன்பக்க வோல்ட்டேஜைத் தகரத்தில் கறுப்பு முனையை வைத்து அளந்தால் பொருளற்ற எண்தான் வரும். போர்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே தடமே இல்லாத ஓர் அகலமான இடைவெளி ஓடுவதைக் காணலாம். அந்த எல்லையின் மீது மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு அளவீட்டின்போதும் அது உதவும்.

கைக்கும் உயிருக்கும் காப்பு

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் நிற்கும். அதை வடியவிட இணைக்கப்பட்ட ரெசிஸ்டர் நன்றாக இருந்தால் ஓரிரு நிமிடங்களில் வடிந்துவிடும். அந்த ரெசிஸ்டரே அறுந்திருந்தால் நெடுநேரம் அப்படியே நிற்கும். எனவே வரிசை இதுதான்: பிளக்கைக் கழற்றுங்கள்; கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள்; 2.2 கிலோ ஓம், 10 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் காப்பிட்ட வயர்களைப் பற்றவைத்து, அதைக் கெப்பாசிட்டரின் மீது ஐந்தாறு விநாடிகள் வையுங்கள். மறுபடி அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதி செய்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் பழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், போர்டின் தடத்தையும் எரிக்கும்.

மின்சாரம் கொடுத்து அளக்க வேண்டிய கட்டத்தில் கறுப்பு முனையை முன்கூட்டியே கிளிப் போட்டு மாட்டிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் மட்டும் சிவப்பு முனையைப் பிடிக்க வேண்டும். செருப்பில்லாமல், ஈரத் தரையில், மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம். வீட்டில் இருக்கும் 30 மில்லிஆம்பியர் லீக்கேஜ் பிரேக்கரை நம்பி அலட்சியமாக இருப்பதும் தவறு. கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் இரு கைகளால் தொட்டுவிட்டால் எந்தப் பிரேக்கரும் விழாது.

பழுது எஸ்எம்பிஎஸ்ஸில்தானா

பெட்டியைத் திறப்பதற்கு முன் இதைக் கேட்டே ஆக வேண்டும். சுவிட்ச் போட்டதும் ஃபேன் ஒரு துடி துடித்து நின்றுவிட்டது என்று யாராவது சொல்லி உங்களிடம் கணினியைக் கொடுத்தால், எஸ்எம்பிஎஸ் நன்றாகவே இருந்து, மதர்போர்டில் எங்கோ ஒரு ஷார்ட்டைக் கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். அந்தக் கால மதர்போர்டுகளிலும் கார்டுகளிலும் 12 வோல்ட் பாதையில் சொட்டு வடிவிலான டான்டலம் கெப்பாசிட்டர்கள் இருக்கும். 12 வோல்ட்டுக்கு 16 வோல்ட் தாங்குதிறன் உள்ளதைப் போட்டார்கள். அந்த இடைவெளி டான்டலத்துக்குப் போதாது, வயதானதும் அவை ஷார்ட் ஆகிவிடும்.

ஆகவே எல்லாக் கார்டுகளையும், டிஸ்க் டிரைவ்களின் கனெக்டர்களையும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பி8, பி9 கனெக்டர்களையும் கழற்றுங்கள். பிறகு மதர்போர்டின் கனெக்டர் முனைகளில், ஒவ்வொரு வோல்ட்டேஜ் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே எத்தனை ஓம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 5 வோல்ட் பாதையில் பத்து, இருபது ஓம் காட்டுவது இயல்பு. 12 வோல்ட் பாதையில் ஒன்றிரண்டு ஓம் காட்டினால் அங்கே ஒரு டான்டலம் போய்விட்டது. ஒவ்வொரு கார்டையும் இதேபோலத் தனியாக அளக்க வேண்டும். இந்த ஒரு சோதனையாலேயே, திறந்து பார்த்திருக்கத் தேவையில்லாத எஸ்எம்பிஎஸ்கள் எத்தனையோ என் மேசையில் தப்பித்திருக்கின்றன.

கண்ணும் மூக்கும்

பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வோல்ட்டேஜ் தேர்வுச் சுவிட்ச். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கணினியென்றால் அது 115இல் நிற்கலாம். அந்த நிலையில் சுற்று வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கும். நம் ஊர் 230 வோல்ட்டைக் கொடுத்தால், 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெப்பாசிட்டர்களின் மீதும் தலைக்கு 325 வோல்ட் ஏறி அவை வெடிக்கும். சுவிட்சை 230க்கு மாற்றி, அதன் மீது டேப் ஒட்டிவிடுங்கள். சில சப்ளைகளில் தேர்வே இருக்காது. 115 அல்லது 120 என்று மட்டும் எழுதியிருக்கும். அவற்றுக்கு இறங்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

அடுத்து, மெயின்ஸ் வயர் உள்ளே வரும் இடத்தில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருந்து இரைச்சலை வடிகட்டும் எக்ஸ் வகைக் கெப்பாசிட்டரைப் பாருங்கள். தேன் நிறத்தில், கண்ணாடிபோல உள்ளே தெரியும்படி, ரிஃபா என்று எழுதியிருந்தால் அதன் மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டி எப்பாக்ஸியில் அடைத்துச் செய்தவை இவை. விரிசல் வழியே ஈரம் புகுந்து காகிதம் ஊறிவிட்டால், மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் படாரென்று வெடித்து அறை முழுவதும் புகையை நிரப்பும். பிபிசி மைக்ரோவின் சப்ளைகளில் இது மிகவும் அறியப்பட்ட பழுது. கடற்காற்று வீசும் பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் போன்ற பகுதிகளில் பல ஆண்டுகள் கிடந்த கணினியென்றால், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நான் அதை மாற்றிவிடுவேன். சோதித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய பாகம் என்று இதைக் கருத வேண்டியதில்லை.

பிறகு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். தலை உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பு நிறக் கசிவு இருக்கிறதா, மீன் வாடை வருகிறதா என்று பாருங்கள். உப்பாமலே உள்ளே வறண்டு போனவையும் உண்டு என்பதால், தலை சமமாக இருப்பது நற்சான்றிதழ் ஆகாது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. மே மாதச் சென்னையில் 40 டிகிரி அறையில், தூசி அடைத்த ஃபேனுடன் ஓடிய பெட்டியில் அவை எப்படி இருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

பியூஸைக் கழற்றிக் கண்ணாடியைப் பாருங்கள். உட்புறம் கறுத்தோ வெள்ளிபோலப் பூசியோ இருந்தால் கடுமையான ஷார்ட் நடந்திருக்கிறது. கம்பி மட்டும் சுத்தமாக அறுந்திருந்தால் முதுமையோ மிதமான மிகைப்பளுவோ காரணமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை புதுப் பியூஸைப் போடாதீர்கள். நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பெட்டிக்குள் செத்த பல்லியும் கரப்பான் எச்சமும் அடிக்கடி கிடைக்கும். அவை கிடந்த இடத்தில் போர்டு கரிந்திருந்தால், கரியை முழுவதும் சுரண்டி எடுத்து ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும். வெள்ளத்தில் நனைந்த பெட்டியென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்களுக்குள் சேறு இறங்கியிருக்கும் வாய்ப்பு உண்டு; அப்படிப்பட்டதைப் பழுது பார்ப்பதைவிட வேறொன்றைத் தேடுவதே மேல் என்பது என் முடிவு.

மின்சாரம் இல்லாமல் மீட்டர்

கெப்பாசிட்டர்கள் வடிந்திருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டு, பிளக்கின் முனைகளிலிருந்து தொடங்குங்கள். எஸ்எம்பிஎஸ் சுவிட்சைப் போட்ட நிலையில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சில லட்சம் ஓம்களோ, மெல்ல ஏறிக்கொண்டே போகும் எண்ணோ வர வேண்டும். முடிவிலியாகவே நின்றால் பியூஸ், சுவிட்ச், தெர்மிஸ்டர் ஆகியவற்றில் ஒன்று அறுந்திருக்கலாம். தெர்மிஸ்டர் குளிர்ந்த நிலையில் ஐந்து முதல் பத்து ஓம் காட்டுவது வழக்கம். இரண்டு முனைகளில் எதற்கும் எர்த்துக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால், மெயின்ஸ் வயருக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே நிற்கும் ஒய் வகைக் கெப்பாசிட்டரோ ஈரமோ காரணம்.

மீட்டரை டையோடு நிலைக்கு மாற்றி, பிரிட்ஜின் நான்கு டையோடுகளையும் இரு திசைகளிலும் அளந்து பாருங்கள். ஒரு திசையில் 0.5 வோல்ட்டை ஒட்டியும், மறுதிசையில் ஒன்றும் காட்டாமலும் இருக்க வேண்டும். அடுத்து ஹீட் சிங்க்கில் திருகியிருக்கும் டிரான்சிஸ்டர்கள். எக்ஸ்டி வகையில் 13007 போன்ற இரண்டு இருக்கும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு திசைகளிலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அது போய்விட்டது. டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கும் (மெயின்ஸின் பேஸ் அல்ல) எமிட்டருக்கும் இடையே குறைவாகக் காட்டுவதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்; அங்கே டிரைவ் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளும் சிறு ரெசிஸ்டர்களும் இணைந்திருப்பதால், போர்டில் இருக்கும்போது அந்த எண் ஏமாற்றும். சந்தேகம் வந்தால் கழற்றி அளப்பதே வழி.

ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று மகிழ்ந்து புதியதைப் போட்டுச் சுவிட்ச் போட்டவர்கள், ஒரு நொடியில் அந்தப் புதியதையும் இழந்திருக்கிறார்கள்; தொடக்கக் காலத்தில் நானும் இழந்தேன். டிரான்சிஸ்டர் போனால் அதன் பேஸ் பக்கத்திலுள்ள ஓரிரு ஓம் ரெசிஸ்டர்கள், சிறு டையோடுகள், 1 அல்லது 2.2 மைக்ரோஃபாரட் குட்டி எலக்ட்ரோலைட்டிக்குகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அளக்க வேண்டும். டிரான்சிஸ்டர் சட்டென்று மூடுவதற்கு உதவுவது அந்தக் குட்டிக் கெப்பாசிட்டர்தான். அது வறண்டுவிட்டால் டிரான்சிஸ்டர் மெதுவாக மூடி, சூடேறி, ஒருநாள் ஷார்ட் ஆகிறது. இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்று மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் ஒரே வகையில் மாற்றுங்கள்.

பின்பக்கத்தில் சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே ஓம் பாருங்கள். சில பத்து ஓம் வரலாம், ஏனெனில் உள்ளேயே ஒரு சிறு பளு ரெசிஸ்டர் இருக்கும். ஓர் ஓமுக்குக் கீழே வந்தால், 5 வோல்ட்டைத் திருத்தும் ஷாட்கி டையோடு ஷார்ட் ஆகியிருக்க வேண்டும், அல்லது மிகை வோல்ட்டேஜ் வந்தால் வெளியீட்டை ஷார்ட் செய்து கணினியைக் காப்பாற்றும் தைரிஸ்டர் போயிருக்க வேண்டும். மஞ்சள், நீலம், வெள்ளை வயர்களையும் இப்படியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சீரிஸ் பல்பு

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மூத்த டிவி மெக்கானிக் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, “தம்பி, மொதல்ல பல்ப மாட்டு, அப்புறம் சுவிட்சப் போடு” என்பதுதான். ஒரு பலகையில் பல்பு ஹோல்டரையும் மூன்று முனை சாக்கெட்டையும் பொருத்தி, பேஸ் வயர் மட்டும் பல்பின் வழியே சாக்கெட்டுக்குச் செல்லுமாறும், நியூட்ரலும் எர்த்தும் நேராகச் செல்லுமாறும் இணைத்தால் சீரிஸ் போர்டு தயார். பல்பு பழைய இழை வகையாக இருக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. சிறு பளுவுக்கு 60 வாட்டும், சற்றுக் கூடுதல் பளுவுக்கு 100 வாட்டும் போதும். உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் பல்பு எரிவதோடு நின்றுவிடும். பியூஸும் டிரான்சிஸ்டரும் பிழைக்கும். ஆனால் சீரிஸ் பல்பும், மெயின்ஸ் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கும் மெயின்ஸிலிருந்து நம்மைப் பிரிப்பவை அல்ல. அந்தப் பாதுகாப்பைத் தருவது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே.

சுவிட்ச் போடுவதற்கு முன் பளுவை, அதாவது சப்ளையிலிருந்து மின்சாரத்தை இழுக்கும் ஏதாவதொன்றை, இணைக்க வேண்டும். இந்தச் சப்ளைகள் பல, 5 வோல்ட்டில் ஒரு குறைந்தபட்சப் பளு இல்லாவிட்டால் ஓடாது, ஓடினாலும் சரியான வோல்ட்டேஜைத் தராது. நல்ல சப்ளையைக் கெட்டது என்று முடிவுகட்டுவதற்குப் புதியவர்களிடம் மிகச் சாதாரணமான காரணம் இதுவே. 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டை இணையாக வைத்துச் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே கட்டினால் இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். 12 வோல்ட்டுக்குப் புதுப்பேட்டையில் கிடைக்கும் 12 வோல்ட், 10 வாட் வண்டி பல்பு ஒன்று போதும். எரிவது கண்ணுக்குத் தெரிவதால் மீட்டரைப் பார்க்காமலே நிலைமை புரியும். கணினியின் மதர்போர்டையோ வேலை செய்யும் ஹார்ட் டிஸ்க்கையோ பளுவாகப் பயன்படுத்தாதீர்கள்.

சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால், பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்பின, முன்பக்கத்தில் ஷார்ட் இல்லை என்று பொருள். விடாமல் முழு ஒளியில் எரிந்தால் பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் ஆகியவற்றுக்குத் திரும்புங்கள். எரிவதும் மங்குவதுமாகத் துடித்தால், சப்ளை கிளம்ப முயன்று பின்பக்கத்து ஷார்ட்டாலோ மிகை வோல்ட்டேஜாலோ அணைகிறது. துளிகூட எரியாவிட்டால் மின்சாரம் உள்ளேயே போகவில்லை.

பளிச்சிட்டு மங்கியும் வெளியே ஒன்றும் வராத நிலைதான் மிகுந்த பொறுமையைக் கேட்பது. முதலில் பெரிய கெப்பாசிட்டர்களை அளந்து பாருங்கள். இரண்டு தொடராக இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 160 வோல்ட் இருக்க வேண்டும். ஒன்றில் 100, மற்றொன்றில் 220 என்று சாய்ந்திருந்தால், குறைவாக உள்ளது கசிகிறது அல்லது அவற்றின் மீதுள்ள சமன் ரெசிஸ்டர் ஒன்று அறுந்திருக்கிறது. வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் வெளியீடு இல்லையென்றால், தொடங்கிவைக்கும் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். எக்ஸ்டி, ஏடி வகைகள் பலவற்றில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் சில லட்சம் ஓம் ரெசிஸ்டர்களின் உதவியால் தாமாகவே முதல் துடிப்பைத் தொடங்கும். அதிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தில்தான் டிஎல்494 விழித்துக் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும். உயர் வோல்ட்டேஜை ஆண்டுக்கணக்கில் தாங்கிய அந்த ரெசிஸ்டர்கள், வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் அறுந்துபோகும்.

கட்டுப்பாட்டு ஐசியைச் சோதிக்க மெயின்ஸ் தேவையே இல்லை என்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர்களை வடியவிட்டு, ஆம்பியர் வரம்பு வைக்கக்கூடிய ஒரு பெஞ்ச் சப்ளையிலிருந்து 12 வோல்ட்டை டிஎல்494இன் 12ஆம் காலுக்கும், கிரவுண்டை 7ஆம் காலுக்கும் கொடுங்கள். 14ஆம் காலில் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஐசி கெட்டது, அல்லது அந்த 5 வோல்ட்டை வேறேதோ இழுக்கிறது. ஆசிலாஸ்கோப் இருந்தால் 5ஆம் காலில் ரம்பப் பல் வடிவ அலையைக் காணலாம். 4ஆம் காலில் 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், பாதுகாப்புச் சுற்று ஐசியை அடக்கி வைத்திருக்கிறது. அப்போது ஐசியை விட்டுவிட்டு, அடக்குவது யார் என்று தேட வேண்டும். ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை முன்பக்கத்தில் எங்கும், ஒருபோதும் மாட்டாதீர்கள். அது எர்த்துடன் இணைந்திருப்பதால் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

கரண்ட் போய் வந்ததும் கிளம்பாத சப்ளை

ஒரு பழைய டெர்மினலின் சப்ளை என்னிடம் பல மாதங்கள் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாலை மின்வெட்டு வந்து கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் திரும்பியபோது அது எழவில்லை; டிக், டிக் என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே இருந்தது யூசி3842. இந்த ஐசி, தன் 7ஆம் காலில் 16 வோல்ட் சேர்ந்த பிறகே வேலையைத் தொடங்கும். தொடங்கிய பின் அது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். அந்த 16 வோல்ட்டைச் சேர்த்து வைப்பது ஒரு சிறு எலக்ட்ரோலைட்டிக். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சொந்த வருமானம் வரும் வரை ஐசியைத் தாங்கும் சேமிப்பு அது. அது வறண்டுவிட்டால், ஐசி கண்விழித்த கணமே வோல்ட்டேஜ் சரிந்து மறுபடி அணையும். டிக் சத்தம் அதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது சூடாக இருப்பதாலும், துடிப்புக்குத் துடிப்பு மின்சாரம் வந்துகொண்டே இருப்பதாலும் குறை வெளியே தெரியாது. ஆறியபின் மறுபடி கிளப்பும்போதுதான் அகப்படும். நான் பிளக்கைக் கழற்றி, முடி உலர்த்தும் கருவியால் அந்த இடத்தைச் சூடாக்கிவிட்டுச் சுவிட்ச் போட்டேன், எழுந்துவிட்டது. கழற்றி அளந்தபோது 47 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்த அந்தக் கெப்பாசிட்டரில் 4 மட்டுமே மிச்சமிருந்தது. அதை ஒட்டியே சூடேறும் ரெசிஸ்டர் ஒன்று நின்றிருந்தது. பல ஆண்டுகள் அதை உலர்த்தியது அந்தச் சூடுதான்.

பாகங்கள் வாங்குதல்

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவற்றுக்கான பாகங்கள் ஏறத்தாழ எல்லாமே கிடைக்கும். எலக்ட்ரோலைட்டிக் வாங்கும்போது 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள்தடை) என்று கேட்டு வாங்குங்கள். மதிப்பு அதேயாகவும், வோல்ட்டேஜ் அதே அல்லது சற்று மேலாகவும், உயரமும் கால் இடைவெளியும் பொருந்தும்படியும் இருக்கட்டும். பழைய போர்டுகளிலிருந்து கழற்றியவையும், ஆண்டுக்கணக்கில் கடையில் கிடந்தவையும் வேண்டாம். கையடக்க ஈஎஸ்ஆர் மீட்டர் ஒன்று இருந்தால் வாங்கிய இடத்திலேயே பார்த்துவிடலாம்: 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்றால் 0.1, 0.2 ஓமை ஒட்டி இருக்க வேண்டும். 1 ஓமைத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள். எக்ஸ் இருந்த இடத்தில் எக்ஸ்2, 275 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட பிளாஸ்டிக் ஃபிலிம் வகையையும், ஒய் இருந்த இடத்தில் ஒய் வகையையும் மட்டுமே போட வேண்டும். பேஸுக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே நிற்பது ஒய் கெப்பாசிட்டர். அங்கே சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டு அது ஷார்ட் ஆனால், எர்த் சரியில்லாத பழைய வீட்டில் கணினியின் தகரமே பேஸாகிவிடும்.

வாங்கியதை மாற்றும்போதே டிரான்ஸ்ஃபார்மர், டிரான்சிஸ்டர், கனெக்டர் ஆகியவற்றின் கால்களில் வட்டமாக விரிசல் விட்ட டிரை சால்டர் இருக்கிறதா என்று பார்த்து, பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கணினியுடன் சேர்ப்பதற்கு முன்

சீரிஸ் பல்பில் சரியாக ஓடிய பிறகு, பளு ரெசிஸ்டர்களுடன் நேரடியாக மெயின்ஸில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ரெசிஸ்டர்கள் கை சுடும் அளவு சூடாகும் என்பதால் ஓட்டின் மீதோ செங்கல்லின் மீதோ வையுங்கள். சிவப்பு வயரில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரையும், மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரையும் இருக்கலாம். ஆரஞ்சு வயர் ‘பவர் குட்’ சமிக்ஞை. மற்ற வோல்ட்டேஜ்கள் நிலைபெற்றுச் சற்று நேரம் கழித்து அது 5 வோல்ட்டுக்கு எழும். எல்லா வோல்ட்டேஜும் சரியாக இருந்தும் கணினி உயிர்பெறவில்லை என்றால், இந்த ஆரஞ்சு வயரில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராத வரை மதர்போர்டு ரீசெட்டிலேயே நிற்கும்.

ஆசிலாஸ்கோப் கிடைத்தால் பின்பக்கத்தில் ரிப்பிளையும், அதாவது நேர்மின்சாரத்தின் மீது மிஞ்சி நிற்கும் சிற்றலையையும், அளந்து பாருங்கள். 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட், 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் என்ற எல்லைக்குள் இருந்தால் போதும். மல்டிமீட்டரின் மாறுமின்சார நிலை இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

ஒரு மணி நேரம் ஓடியபின் அணைத்து, முழுவதும் ஆறவிட்டு மறுபடி போடுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். மூன்று முறையும் தயங்காமல் கிளம்பினால் மதர்போர்டில் பி8, பி9 கனெக்டர்களை, இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் அருகருகே வரும்படி செருகுங்கள். மாறிவிட்டால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு மைனஸ் 12 வோல்ட்டும், கிரவுண்ட் இருக்க வேண்டிய இடத்துக்கு 5 வோல்ட்டும் போய்ச் சேரும். கார்டுகள் இல்லாமல் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு கார்டாகச் சேர்த்து ஒருமுறை என்று ஓட்டி, ஒவ்வொரு நிலையிலும் சிவப்பு வயரின் வோல்ட்டேஜை எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களையும், மாற்றிய பாகங்களின் பட்டியலையும், தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி எஸ்எம்பிஎஸ் மூடியின் உட்புறத்தில் ஒட்டி மூடுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவருக்கு, அது நீங்களாகவே இருந்தாலும், வேலை அங்கிருந்து தொடங்கும்.